கிறிஸ்தவப் பள்ளி வகுப்பறையில் படைப்பும் பரிணாமமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் திருச்சபைகளும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள், வேதபாட ஆசிரியர்கள், பெற்றோர், சில நேரம் மாணவர்களே திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். "பாடம்" என்று வரும் இடத்தில் பத்தாம் வகுப்பு சமச்சீர் அறிவியலில் உள்ள 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற அலகைக் குறிக்கிறோம்.

நம்மது மிஷன் ஸ்கூல். அந்தப் பாடத்தை "வீட்ல வாசிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டுத் தாண்டிரலாமா?

தாண்டக் கூடாது. பத்தாம் வகுப்பில் அது பொதுத்தேர்வுப் பாடம். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் பரிணாமம் இன்னும் விரிவாக வருகிறது, நீட் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. பத்தாம் வகுப்பில் இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தும் உயிர்கள் தங்கிப் பெருகுவது) புரியாமல் போன பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு கூட்டத்தின் மரபணு விகிதத்தைச் சொல்லும் ஹார்டி-வீன்பெர்க் சமன்பாட்டைக் கணக்குச் சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்யும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அங்கேயே நின்றுவிடும்.

சிறுபான்மைப் பள்ளி என்பதால் விலக்கு உண்டா என்றும் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 30-வது பிரிவு பள்ளியை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. கல்வித் தரம் சார்ந்த விதிகள் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் ஏற்றுக்கொண்டது. அங்கீகாரம் பெற்ற பள்ளி பாடத்திட்டத்தில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

காலையில வேதபாடத்துல ஆதியாகமம், மூணாவது பீரியட்ல டார்வின். பிள்ளைங்க "எது சார் உண்மை?"ன்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

முதலில், கேட்ட பிள்ளையை அடக்காதீர்கள். "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்ற பதிலைப் பிள்ளைகள் "டீச்சருக்கும் தெரியல" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அறிவியல் வகுப்பில் இப்படிச் சொல்லலாம்: "உயிர்கள் எந்த வழியில், எவ்வளவு காலத்தில் இப்படி ஆயின என்பதைப் பாறை, எலும்பு, டி.என்.ஏ. இவற்றை வைத்து இந்தப் பாடம் பார்க்கிறது. இதையெல்லாம் யார் உண்டாக்கினார், எதற்காக என்பதை இந்தப் பாடம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு வேதபாட வகுப்பு இருக்கிறது, வீடும் இருக்கிறது." வேதபாட வகுப்பில் இதையே மறுபக்கமிருந்து சொல்ல வேண்டும். அங்கே டார்வினைக் கேலி செய்து கைதட்டல் வாங்கினால், மூன்றாவது பீரியடில் சக ஆசிரியர் அதற்கு வட்டி கட்டுவார்.

இரண்டு ஆசிரியர்களும் ஜூன் மாதமே ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்து, யார் எதைச் சொல்வது என்று பேசிக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது. பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பத்து நிமிடம்தான் நடப்பதே இல்லை.

மனுஷன் குரங்கிலிருந்து வந்தான்னுதானே டார்வின் சொன்னார்?

இன்று மரத்தில் தாவும் குரங்கு நம் பாட்டன் என்று யாரும் சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது, அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன என்பதுதான் பாடம். "அப்போ ஏன் இன்னும் குரங்கு இருக்கு?" என்று கேட்பவருக்குப் பங்காளி முறையைச் சொல்லலாம். சித்தப்பா மகன் உயிரோடு இருப்பதால் உங்களுக்குத் தாத்தா பொது இல்லை என்று ஆகிவிடாது.

குழப்பத்தில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது. "பரிணாம வளர்ச்சி" என்று எழுதிப் பழகிவிட்டோம். வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டு மனதில் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, குனிந்த குரங்கு ஆறு படத்தில் நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படம் வேறு. அதைப் பலகையில் வரையாதீர்கள், கிளை பிரியும் மரத்தை வரையுங்கள். "பரிணாமம்" என்றோ "பரிணாம மாற்றம்" என்றோ சொன்னால் போதும். குகையில் வாழும் மீன் கண் பார்வையை இழந்ததும் பரிணாமம்தான், அதில் வளர்ச்சி எங்கே?

எப்படியும் அது வெறும் தியரிதானே?

நம் பேச்சில் "தியரி" என்றால் பிராக்டிகலுக்கு எதிர்ப்பதம், நடைமுறைக்கு உதவாதது. அறிவியலில் கோட்பாடு என்பது பல சான்றுகளை ஒன்றாகக் கோத்து விளக்குவது, சோதனைக்கு நின்று பிடித்தது. அணுக் கோட்பாடும் தியரிதான். நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் தியரிதான். அதை நம்பித்தான் ஆஸ்பத்திரியில் கை கழுவுகிறார்கள்.

சபை இதைப் பத்தி என்னதான் சொல்லுது?

எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைப்பாடு எழுத்திலேயே இருக்கிறது. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 'ஹுமானி ஜெனரிஸ்' சுற்றுமடலில், மனித உடல் முன்பே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடை இல்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றார். 1996 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று திருத்தந்தையின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 2014-இல் பிரான்சிஸ் அதே கழகத்தில் பேசும்போது, கடவுளை மந்திரக்கோல் வைத்த வித்தைக்காரராக நினைக்கக் கூடாது என்றார்.

மறுமுனையில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. படைப்பு அண்மைக் காலத்தில் ஆறு நாளில் நடந்தது என்று 2015-இல் தன் அடிப்படை நம்பிக்கை அறிக்கையின் சொற்களையே இன்னும் இறுக்கமாக்கியது. மற்றச் சபைகளில் ஒரே ஊரில், ஒரே ஆலயத்தில்கூட இரண்டு விதமாக நினைப்பவர்கள் இருப்பார்கள். அதனால் "கிறிஸ்தவம் பரிணாமத்தை ஏற்கவில்லை" என்று ஆசிரியர் சொன்னாலும் தப்பு, "எல்லாச் சபையும் ஏற்றுவிட்டது" என்று சொன்னாலும் தப்பு.

ஆதியாகமத்துல ஒரு நாள்னா 24 மணி நேரம்தானா?

இது வேதபாட ஆசிரியருக்கான கேள்வி. கத்தோலிக்கப் பிள்ளைகள் இந்த நூலைத் தொடக்கநூல் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். "சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி" என்று வருவதால் அது சாதாரண நாள்தான் என்பது ஒரு வாசிப்பு. 'யோம்' என்ற எபிரெயச் சொல் நீண்ட காலத்தையும் குறிக்கும் என்பது இன்னொன்று. முதல் மூன்று நாளில் இடத்தை உண்டாக்கி, அடுத்த மூன்று நாளில் அந்தந்த இடத்தை நிரப்புவதாகக் கட்டப்பட்ட பாடல் போன்ற அமைப்பு இது, கால அட்டவணை இல்லை என்பது மூன்றாவது.

வெளிச்சம் முதலாம் நாளிலும் சூரியன் நாலாம் நாளிலும் வருவதைக் கண்டு திகைத்தது டார்வினுக்குப் பிறகு வந்தவர்கள் மட்டுமல்ல. ஐந்தாம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் அகுஸ்தினார் இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார். இயற்கையைப் பற்றி நன்கு அறிந்த புறமதத்தார் முன்னால் வேதத்தின் பெயரால் தவறாக உளறி வைக்காதீர்கள் என்று கிறிஸ்தவர்களை எச்சரித்ததும் அவர்தான். இதை வகுப்பில் சொன்னால், கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று பயப்படும் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

"ஜாதி ஜாதியாகப் படைத்தார்"னு இருக்கே, அப்புறம் ஒண்ணு இன்னொண்ணா எப்படி மாறும்?

பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் "ஜாதி" என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் 'மீன்' (நம் ஊர் மீன் இல்லை!). வகை, இனம் என்று பொருள். அறிவியல் பாடத்தில் வரும் "சிற்றினம்" என்பதற்குத் திட்டமான வரையறை உண்டு. தமக்குள் இனப்பெருக்கம் செய்து, இனப்பெருக்கத் திறனுள்ள சந்ததியைத் தரும் கூட்டம் அது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சண்டை பிடிக்கக் கூடாது. இன்னொன்று: "ஜாதி" என்ற சொல்லை வகுப்பில் உரக்க வாசிக்கும்போது பிள்ளைகள் அதை எந்தப் பொருளில் கேட்பார்கள் என்று யோசியுங்கள். "வகை" என்று உடனே விளக்கிவிட்டு மேலே போவது நல்லது.

ஆம்பளைக்கு ஒரு விலா எலும்பு குறைச்சல்னு சண்டே கிளாஸ்ல சொன்னாங்களே டீச்சர்?

இருவருக்கும் 12 ஜோடி, மொத்தம் 24. ஆய்வகத்தில் எலும்புக்கூடு இருந்தால் இறக்கி, ஒரு மாணவியையும் ஒரு மாணவனையும் விட்டுத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். கீழே உள்ள இரண்டு ஜோடி முன்பக்கம் ஒட்டாமல் மிதக்கும், எண்ணும்போது அவை விட்டுப்போகும். தப்பு வருவது அங்கேதான்.

வாழ்நாளில் பெற்ற மாற்றம் சந்ததிக்குப் போகும் என்ற லாமார்க்கின் கருத்தை நடத்தும்போது இதைக் கொண்டுவரலாம். ஆதாமிடமிருந்து ஒரு எலும்பை எடுத்தார் என்று அப்படியே எடுத்துக்கொண்டாலும், வாழ்நாளில் உடலில் நடந்த மாற்றம் பிள்ளைக்குப் போகாது. தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறோம், எந்தக் குழந்தையும் ஓட்டையோடு பிறக்கவில்லை. பிள்ளைகள் இந்த உதாரணத்தை மறக்க மாட்டார்கள்.

முதல்ல செடி, அப்புறம் மீன், அப்புறம் மிருகம், கடைசியா மனுஷன். பைபிளே பரிணாமத்தைத்தானே சொல்லுது?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றும். உள்ளே போனால் இடிக்கும். ஆதியாகமத்தில் கனிதரும் மரங்கள் மூன்றாம் நாள், சூரியன் நாலாம் நாள். பறவைகளும் மகா மச்சங்களும் ஐந்தாம் நாள், நில விலங்குகள் ஆறாம் நாள். புதைபடிவங்களில் நில விலங்குகளுக்குப் பிறகுதான் பறவைகளும் திமிங்கிலங்களும் வருகின்றன. இப்படி ஒட்டுப்போடுவது வேதத்துக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் இல்லை.

அடுத்த பெஞ்சிலிருந்து "சார், தசாவதாரமும் மீன், ஆமை, பன்றி, நரசிம்மம்னு அப்படித்தானே வருது?" என்று கேள்வி வரும். கிறிஸ்தவப் பள்ளியில் படிப்பவர்களில் பலர் இந்துப் பிள்ளைகள், சில ஊர்களில் அவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களுக்கும் இதே பதில்தான், அதே தொனியில். வரிசை ஒத்துப்போவது போலத் தோன்றுவதால் அது அறிவியல் விளக்கம் ஆகாது. எப்படி மாறியது என்ற வழிமுறையைச் சொல்வதுதான் விளக்கம். ஒன்றுக்குச் சிரித்து இன்னொன்றுக்குத் தலையாட்டினால் வகுப்பு உடனே கவனித்துவிடும்.

கார்பன் டேட்டிங்கே தப்புன்னு வீடியோல காட்டுறாங்க. பூமிக்கு 454 கோடி வயசுன்னு எப்படி நம்புறது?

பூமியின் வயதைக் கார்பனை வைத்து யாரும் கணக்கிடவில்லை. கார்பன்-14-இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அதில் எண்ணத் தக்க அளவு மிஞ்சாது. பாறைகளுக்கு யுரேனியம்-238 (அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு), பொட்டாசியம்-40 (சுமார் 125 கோடி ஆண்டு) போன்றவைதான். விண்கல்லில் உள்ள ஈய ஐசோடோப்புகளை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956-இல் 455 கோடி என்று வந்தார். பிறகு வந்த அளவுகள் அதையொட்டியே நிற்கின்றன.

வீடியோக்களில் வரும் "உயிரோடு இருக்கும் நத்தைக்கு ஆயிரக்கணக்கான வயது காட்டியது" என்பது பொய் இல்லை. அந்த நத்தை சுண்ணாம்புக்கல் கரைந்த நீரிலிருந்து பழைய கார்பனை எடுத்து ஓடு கட்டியிருக்கும், அதனால் வயது கூடிக் காட்டும். இந்தப் பிழையைக் கண்டுபிடித்து எழுதியவர்களே ஆய்வாளர்கள்தான். எந்தப் பொருளுக்கு எந்த முறை பொருந்தாது என்று தெரிந்திருப்பது அந்த முறையின் பலம். தராசில் தூசி இருந்தால் துடைத்துவிட்டு நிறுப்போம், தராசே பொய் என்று தூக்கி எறிய மாட்டோம்.

காலத்தைக் கண்ணால் காட்ட 45.4 மீட்டர் கயிறு ஒன்றை மைதானத்தில் நீட்டுங்கள். 1 சென்டிமீட்டர் என்பது 10 லட்சம் ஆண்டு. இன்றைய முனையிலிருந்து அளந்தால் திருவக்கரைக் கல்மரங்கள் 20 செ.மீ., டைனோசர்கள் அழிந்தது 66 செ.மீ., பழைய பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஒன்றரை மீட்டர். நம் இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டு, அது 3 மில்லிமீட்டர். 6,000 ஆண்டு என்பது தலைமுடியின் கனம். கயிறு நைலானாக இருந்தால் இழுபட்டு அளவு மாறும், சணல் கயிறு நல்லது. கடைசி ஒரு மீட்டருக்குத் தனியாக ஒரு வெள்ளை நாடாவை ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் எல்லாக் குறியும் ஒரே இடத்தில் மொய்க்கும்.

இடையில இருக்குற உயிரினத்தோட புதைபடிவமே கிடைக்கலையாமே?

கிடைத்திருக்கிறது. பாடத்தில் வரும் ஆர்க்கியாப்டெரிக்ஸின் எலும்புக்கூடு 1861-இலேயே ஜெர்மனியின் பவேரியாவில் கிடைத்தது. அதற்குச் சிறகும் உண்டு, பல்லும் நீண்ட எலும்பு வாலும் உண்டு. மீனுக்கும் நாலுகால் விலங்குகளுக்கும் நடுவில் நிற்கும் டிக்டாலிக் 2004-இல் கனடாவின் வட கோடியில் கிடைத்தது. அது தற்செயலாகக் கிடைத்த ஒன்றில்லை. 37.5 கோடி ஆண்டு வயதுள்ள ஆற்றுப் படிவுப் பாறையில்தான் இப்படிப்பட்டது இருக்க வேண்டும் என்று கணித்து, அங்கே போய்த் தேடி எடுத்தார்கள்.

நம் துணைக்கண்டத்து உதாரணம் இன்னும் நன்றாக எடுபடும். ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்து வைத்த பாறைகளுக்குள்ளிருந்து 'இன்டோஹையஸ்' வெளிவந்தது, 2007-இல் ஆய்வாக வெளியானது. சருகுமான் அளவுள்ள குளம்பு விலங்கு. அதன் காதெலும்பின் உட்சுவர் திமிங்கிலத்துக்கு இருப்பது போலவே தடித்திருக்கிறது. கண்ணால் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை அரியலூர் பக்கம் அழைத்துப் போகலாம். அங்கே சுண்ணாம்புப் பாறையில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரிகளின் புதைபடிவங்கள் இருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. எதையும் பொறுக்கிப் பையில் போடக் கூடாது என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணு மாதிரி ஒண்ணு தானா, தற்செயலா வருமா?

தற்செயலாக வந்தது என்று பரிணாமம் சொல்லவில்லை. மரபணுவில் மாற்றம் வருவதில்தான் தற்செயல் இருக்கிறது. எது தங்கும், எது போகும் என்பதைச் சூழல் வடிகட்டுகிறது. தட்டைப்புழுவுக்கு ஒளியை மட்டும் உணரும் கிண்ணம், நாட்டிலஸுக்கு லென்ஸ் இல்லாத ஊசித்துளைக் கண், ஆக்டோபஸுக்கு லென்ஸோடு கூடிய கண். ஒவ்வொரு படியும் அந்தந்த உயிருக்கு இன்றும் பயன்படுகிறது.

நம் கண்ணில் ஒரு குறை இருப்பதையும் காட்டலாம். அட்டையில் இடப்பக்கம் கூட்டல் குறி, அதற்கு 8 செ.மீ. வலப்பக்கம் கரும்புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி, நீட்டிய கையிலிருந்து அட்டையை மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால் 25–30 செ.மீ. தூரத்தில் புள்ளி மறையும். நரம்பு விழித்திரையைத் துளைத்துப் பின்னால் போகும் இடம் அது. ஆக்டோபஸுக்கு இந்தக் குருட்டுப் புள்ளி கிடையாது. பிள்ளைகள் புள்ளியைத் திரும்பிப் பார்த்துவிடுவதால்தான் பலருக்கு மறையாது, கண்ணை அசைக்காதே என்று இரண்டு முறை சொல்லுங்கள்.

உயிரில்லாததிலிருந்து உயிர் வராதுன்னு லூயி பாஸ்டரே நிரூபிச்சுட்டாரே?

பாஸ்டர் 1860 வாக்கில் காட்டியது, கொதிக்க வைத்த சாற்றில் வெளியிலிருந்து கிருமி போகாவிட்டால் கிருமி உண்டாகாது என்பது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு வேறு வளிமண்டலத்தில் என்ன நடந்திருக்கும் என்பது அவர் சோதனைக்குள் வரவில்லை.

நம் பாடநூல் உயிரின் தோற்றத்தையும் பரிணாமத்தையும் ஒரே அலகில் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. முதல் உயிர் எப்படி வந்தது என்பதில் வேதிப்பொருள்களிலிருந்து உயிர் வந்தது என்ற ஒபாரின், ஹால்டேன் கருத்து, 1953-இல் அதை ஆய்வகத்தில் சோதித்த மில்லர்-யூரே சோதனை என்று முயற்சிகள் உண்டு, முடிந்த விடை இன்னும் இல்லை. இருக்கும் உயிர்கள் எப்படிக் கிளைத்தன என்பதில் சான்று குவிந்திருக்கிறது. பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஹெக்கல் படம் மோசடின்னு சொல்றாங்க. பாடத்துல அவர் பேர் இருக்கே?

இதில் கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கரு வளரும்போது மூதாதை வரலாற்றை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுகிறது என்ற ஹெக்கலின் விதியை உயிரியலாளர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். பல விலங்குகளின் கருக்களை வரைந்த படங்களில் அவர் ஒற்றுமையை மிகைப்படுத்தினார் என்பதும் உண்மை. தேர்வுக்கு அந்த விதியின் பெயரையும் வாசகத்தையும் எழுதப் பழக்குங்கள், கூடவே "இது இப்போது ஏற்கப்படுவதில்லை" என்றும் சொல்லிவிடுங்கள். முதுகெலும்பிகளின் கருக்களில் தொண்டைப் பகுதி மடிப்புகளும் வாலும் தோன்றுவது ஹெக்கலை நம்பி நிற்கவில்லை, உண்மையான கருக்களிலேயே தெரியும். நாமே முந்திக்கொண்டு சொல்லாவிட்டால், வாட்ஸ்அப் வீடியோ வந்து சொல்லும். அதன்பிறகு மற்றச் சான்றுகளையும் பிள்ளை நம்பாது.

இயற்கைத் தேர்வை வகுப்பில செஞ்சு காட்ட ஏதாவது இருக்கா?

பட்டாணி போதும். ஒரு மீட்டர் பச்சைத் துணி, காய்ந்த பச்சைப் பட்டாணி 50, வெள்ளைப் பட்டாணி 50. துணியில் கலந்து தூவுங்கள். நான்கு மாணவர்கள் முதுகைக் காட்டி நிற்க, "திரும்பு" என்றதும் திரும்பி, முதலில் கண்ணில் படும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி திரும்பிக்கொள்ள வேண்டும். 50 போனதும் நிறுத்துங்கள். மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒன்று சேர்த்தால் மறுபடி 100. மூன்று சுற்று, எண்ணிக்கையைப் பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு பீரியடுக்குள் முடியும்.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. வெள்ளைக்குக் கொண்டைக்கடலை போட்டால் அளவு பெரிது, நிறத்தால் மாட்டியதா பருமனால் மாட்டியதா என்று பிரிக்க முடியாது. கையால் வாரினால் நிறத்துக்கு வேலையே இல்லை. முடிவில் "வெள்ளை பச்சையா மாறிருச்சு" என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். எந்தப் பட்டாணியும் மாறவில்லை, கூட்டத்தில் விகிதம்தான் மாறியது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நேரம் இருந்தால் வெள்ளைத் துணியில் ஒரு சுற்று நடத்துங்கள், முடிவு தலைகீழாகும். "தகுதியுள்ளது" என்றால் அந்த இடத்துக்குத் தகுதி என்று புரிய அது ஒன்றே போதும்.

டார்வின் சாகும்போது மனந்திரும்பி பைபிள் வாசிச்சாராமே?

இல்லை. டார்வின் இறந்தது 1882 ஏப்ரலில். லேடி ஹோப் என்ற ஊழியக்காரப் பெண்மணி பேரில் இந்தக் கதை அச்சில் வந்தது 1915-இல். கடைசி நாட்களில் தந்தையின் அருகில் இருந்த மகள் ஹென்ரியட்டா 1922-இல் இதை மறுத்து எழுதினார். பிரசங்கத்தில் இதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளையிடம் தேதிகளை மட்டும் சொல்லுங்கள். மனந்திரும்பியிருந்தாலும் பட்டாணி எண்ணிக்கை மாறப்போவதில்லை.

அமெரிக்காவுல இதுக்கு கேஸே நடந்துச்சாமே? இன்டெலிஜென்ட் டிசைன்னா என்ன?

1925-இல் டென்னசி மாநிலம் டேட்டனில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்குப் பரிணாமம் நடத்தியதற்காக 100 டாலர் அபராதம் போட்டார்கள். 1968-இல் அப்படித் தடை விதிக்கும் சட்டம் செல்லாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். 1987-இல் பரிணாமம் நடத்தினால் "படைப்பு அறிவியலையும்" நடத்த வேண்டும் என்ற லூசியானா சட்டம் விழுந்தது. உயிர்கள் ஓர் அறிவால் வடிவமைக்கப்பட்டவை, அது அறிவியலிலேயே தெரிகிறது என்று பெயர் மாற்றி வந்த வாதம்தான் இன்டெலிஜென்ட் டிசைன். அது அறிவியல் இல்லை என்று 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் தீர்ப்பானது.

இவையெல்லாம் அரசுப் பள்ளிகளைப் பற்றியவை. அங்கே தனியார் கிறிஸ்தவப் பள்ளி தன் விருப்பப்படி நடத்தலாம். ஆனால் சில கிறிஸ்தவப் பாடநூல்களை வைத்து நடத்திய உயிரியலைச் சேர்க்கைக்குரிய தகுதிப் பாடமாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. 2005-இல் பள்ளிகள் தொடுத்த வழக்கு 2008-இல் தோற்றது, 2010-இல் மேல்முறையீடும் போயிற்று. அங்கிருந்து வரும் கையேட்டைத் தமிழாக்கி நம் வகுப்பில் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சி.பி.எஸ்.இ.யிலேயே பரிணாமத்தை எடுத்துட்டாங்களே, நாம மட்டும் ஏன்?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் 2023 பதிப்பில் பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. அப்போது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளிக்கு இதனால் எதுவும் மாறவில்லை.

"எங்க பிள்ளைக்கு டார்வின் வேண்டாம்"னு ஒரு பெற்றோர், "எங்க பிள்ளைக்கு வேதபாடம் வேண்டாம்"னு இன்னொருத்தர். ரெண்டு பேருக்கும் ஒரே பதிலா?

இல்லை, சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற பள்ளியில் மதபோதனையிலோ வழிபாட்டிலோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறுவர்களுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். ஆகவே இரண்டாமவர் கேட்பது அவர் உரிமை. சேர்க்கையின்போதே இதற்கென்று தனித்தாளில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும், சம்மதிக்காதவர்களுக்கு அந்த நேரத்தில் நன்னெறி வகுப்பு வைக்கலாம். பிள்ளையை வராந்தாவில் நிற்க வைப்பது மாற்று ஏற்பாடு ஆகாது.

முதலாமவர் கேட்பது பாடத்திட்டத்தில் உள்ள அறிவியல். அதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவரிடம் வாதம் செய்யாமல், பாடநூலின் அந்தப் பக்கங்களையே எடுத்துக் காட்டுங்கள். பெரும்பாலான பெற்றோர் "கடவுள் இல்லைன்னு சொல்லித் தர்றாங்க" என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். அந்த வாசகம் பாடத்தில் எங்கும் இல்லை.

நான் ஆறு நாள் படைப்பை நம்புறவ. இந்தப் பாடத்தை நடத்தினா மனசாட்சி உறுத்துது. என்ன செய்ய?

நம்பிக்கையை அறிக்கையிட யாரும் உங்களைக் கேட்கவில்லை. "அறிவியலாளர்கள் இந்தச் சான்றை வைத்து இந்த முடிவுக்கு வருகிறார்கள்" என்று சொல்வது பொய்சாட்சி ஆகாது, அது உண்மைதான். சான்றை முழுமையாகவும் நேர்மையாகவும் வையுங்கள்.

ஒரு வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: "மார்க்குக்காக எழுதுங்க, நம்ப வேண்டாம்." பொய் என்று டீச்சரே சொல்வதைப் பரீட்சையில் எழுதலாம் என்று அது கற்றுக்கொடுக்கிறது. அதைவிட, யாராவது கேட்டால் "என் சொந்த நம்பிக்கையை வகுப்புக்கு வெளியே கேளு, சொல்கிறேன்" என்பது கண்ணியமானது.

அப்போ ஆதாம்னு ஒருத்தர் இருந்தாரா? பாவத்துக்கு முன்னாலேயே சாவு இருந்துச்சா?

உண்மையிலேயே கடினமான கேள்வி. இதை அறிவியல் ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது. மனித மரபணு வேறுபாட்டைப் பார்த்தால் நம் இனம் ஒரே ஒரு ஜோடியிலிருந்து அல்லாமல் ஒரு கூட்டத்திலிருந்து வந்ததாகத் தெரிகிறது. அதுவரை அறிவியல் பேசும். ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் ஆதாமையும் மரணத்தையும் இணைப்பதை எப்படி வாசிப்பது என்பது இறையியல். மேலே சொன்ன 1950 சுற்றுமடலும் இந்த இடத்தில்தான் தயங்கியது. மனிதர் பல முதற்பெற்றோரிடமிருந்து வந்தார்கள் என்பதை ஆதாமின் பாவம் எல்லாருக்கும் வருகிறது என்ற ஜென்மப் பாவப் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என்றது. ரோமர் சொல்வது மனிதரின் ஆவிக்குரிய மரணத்தை என்று சிலர் வாசிக்கிறார்கள், சரீர மரணத்தையும் சேர்த்தே என்று சிலர். போதகரோ ஃபாதரோ பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். காலை அசெம்பிளியில் ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

பரீட்சையில் "கடவுள் படைத்தார்"னு எழுதினா மார்க் உண்டா?

கேள்வியைப் பொறுத்தது. உயிரின் தோற்றம் பற்றிய கருத்துகளைக் கேட்டால், பாடநூலிலேயே சிறப்புப் படைப்புக் கோட்பாடு முதலில் இருக்கிறது, அதை விளக்கி எழுதலாம். இயற்கைத் தேர்வையோ அமைப்பு ஒத்த உறுப்புகளையோ (அடிப்படை அமைப்பு ஒன்று, வேலை வேறு) கேட்ட இடத்தில் இதை எழுதினால் மதிப்பெண் கிடையாது. விடைக்குறிப்பு பாடநூலை ஒட்டித்தான் இருக்கும், திருத்துபவர் எந்த ஆலயத்துக்குப் போகிறார் என்பதை ஒட்டி இருக்காது. அமைப்பு ஒத்த உறுப்புக்கு மனிதக் கை, குதிரையின் முன்னங்கால், வௌவால் இறக்கை மூன்றையும் எலும்புப் பெயரோடு வரையச் சொல்லிப் பழக்குங்கள். செயல் ஒத்த உறுப்போடு (வேலை ஒன்று, அமைப்பு வேறு) குழப்பிக்கொண்டு, பூச்சி இறக்கையையும் இந்த வரிசையில் சேர்த்துவிடுவதில்தான் அதிகம் பேர் மதிப்பெண் இழக்கிறார்கள்.